மூக்கு ஒழுகினால் வீடு, நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரி

(2022 ஜனவரியில், கொரோனாவின் ஒமைக்ரான் அலையின்போது எழுதிய பதில்கள்)

கேள்வி: ஒமைக்ரான் ‘லேசானது’ என்று டிவியில் சொல்கிறார்கள். அப்புறம் எதற்கு ஆஸ்பத்திரிகளில் இத்தனை பதற்றம்?
— மளிகைக் கடைக்காரர், விருத்தாசலம்

உங்களுக்கு லேசானது. சிஸ்டருக்கும் லேசானதுதான். ஆனால் லேசாகக் காய்ந்த சிஸ்டரும் ஏழு நாள் வீட்டில் இருந்தாக வேண்டும். ஆறு பேர் பார்க்கிற வார்டில் மூன்று பேர் லேசாகப் படுத்துவிட்டால், மிச்சமுள்ள மூன்று பேருக்கு வேலை லேசாகவா இருக்கும்?

2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரு நாள் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டியது. படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை என்று தெருத்தெருவாக அலைந்தோம். 2022 ஜனவரியில் 30 ஆயிரத்தைத் தாண்டியது. கட்டில்கள் பெரும்பாலும் காலி. கட்டில் பக்கத்தில் நிற்கத்தான் ஆள் குறைவு. ஆக்சிஜனை மேற்கு வங்கத்திலிருந்து ரயிலில் ஏற்றித் தண்டையார்பேட்டையில் இறக்கினார்கள். பத்து வருடம் ஐ.சி.யு. பார்த்த சிஸ்டரை எந்த ரயிலில் ஏற்றி வருவது?

கேள்வி: டோலோ 650-ஐ வைத்து இத்தனை மீம் வருகிறதே. நீங்கள் எத்தனை போட்டீர்கள்?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

மீமைவிடக் குறைவாக.

மீம் போடுகிறவர்கள் சொல்லாத ஒன்று: அது வெறும் பாராசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு நாலு கிராம்தான் உச்ச வரம்பு. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று போட்டால் நாலு மாத்திரை, 2.6 கிராம், பயமில்லை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், மெடிக்கலில் ‘சளிக்கு’ என்று தனியாக ஒரு அட்டை தருவார்கள், ‘உடம்பு வலிக்கு’ என்று இன்னொன்று. இரண்டையும் திருப்பிப் படியுங்கள். பெரும்பாலும் இரண்டுக்குள்ளும் அதே பாராசிட்டமால் வேறு சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும். மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் கணக்கு எங்கேயோ போய்விடும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த நாலு கிராமும் கிடையாது. அவர்களுடைய கல்லீரல் ஏற்கெனவே ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: நான் அசித்ரோமைசின் ஐந்து நாள் கோர்ஸ் எடுத்தேன். சரியாகிவிட்டது. எல்லோருக்கும் சொல்லலாமா?
— ஆட்டோ ஓட்டுநர், ராணிப்பேட்டை

எடுக்காமல் இருந்திருந்தாலும் ஐந்து நாளில் சரியாகியிருக்கும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது. சொல்வதென்றால் இதை எல்லோருக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: ஜி.எச்.சில் ஒரு கேள்விக்கு மேல் கேட்டால் சிஸ்டர்கள் எரிந்து விழுகிறார்கள். சிரித்த முகத்தோடு பணி செய்வது அவர்கள் கடமை இல்லையா?
— ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, கும்பகோணம்

சிரித்திருப்பார். என்-95 மாஸ்க்குக்குள் இருந்ததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

சரி, விளையாட்டு போகட்டும். கோவிட் வார்டில் பிபிஇ கிட்டைப் போட்டவர் டியூட்டி முடிகிறவரை, சாதாரணமாக ஆறு மணி நேரம், அதைக் கழற்ற முடியாது. தண்ணீர் குடிக்க முடியாது. பாத்ரூம் போக முடியாது. அதனால் டியூட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பே பலர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். மாதவிலக்கு நாளிலும் இதே ஆறு மணி நேரம்தான். கண்ணாடிக்குள் வியர்வை படர்ந்து புகைமூட்டமாகிவிடும். அந்த மூட்டத்தின் வழியே, இரண்டு அடுக்குக் கையுறையோடு, எழுபது வயதுப் பாட்டியின் சுருங்கிய கையில் நரம்பைத் தேடிப்பிடித்து வென்ஃப்ளான் போட வேண்டும். யார் எவர் என்று அடையாளம் தெரியாததால் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். சிலர் பெயருக்குக் கீழே ஒரு சிரிப்புப் பொம்மையும் வரைகிறார்கள். நீங்கள் தேடிய சிரித்த முகம் அங்கே இருக்கிறது.

வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள். எல்லோருக்கும் பிபி, நாடி, ஆக்சிஜன் அளவு. சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை பார்த்து இன்சுலின். மணிக்கணக்குப்படி ஊசிகள். ஒவ்வொன்றையும் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் செய்யாததாகத்தான் கணக்கு. கோவிட் வார்டில் உடன் இருக்கச் சொந்தக்காரர்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே கஞ்சி ஊட்டுவதும், திருப்பிப் படுக்க வைப்பதும், “என் பையன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்மா” என்றால் போனைக் காதில் வைத்துப் பிடிப்பதும் அவர்கள்தான். அந்தப் பையன் சாயங்காலம் போன் செய்து, “எங்கம்மாவை யாருமே கவனிக்கலையாமே?” என்பார்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர். மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர். இந்த வரியைப் படிக்கிற சிஸ்டர்கள் இப்போது கட்டாயம் சிரித்திருப்பார்கள்.

கேள்வி கேளுங்கள், தப்பில்லை. ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு, வீட்டுக்கு ஒருவர், ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். பதில் வரும். அது இருக்கட்டும் சார், ஒன்றாம் தேதி பென்ஷன் கவுண்டரில் நீங்கள் எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்தீர்கள்?

கேள்வி: கைதட்டினோம், விளக்கேற்றினோம், ஹெலிகாப்டரிலிருந்து பூத் தூவினோம். செவிலியர்களுக்கு இதில் எது மிகவும் பிடித்தது?
— குடும்பத் தலைவி, ஈரோடு

பணி நிரந்தரம்.

(பட்டியலில் இல்லையே என்கிறீர்களா? அதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். 2020-இல் கொரோனாவுக்கென்று எடுத்த ஒப்பந்தச் செவிலியருக்கு மாதம் 14,000 ரூபாய் தொகுப்பூதியம். 2021 செவிலியர் தினத்தன்று முதல்வர் அறிவித்த ஊக்கத்தொகை, ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதப் பணிக்கு, டாக்டருக்கு 30 ஆயிரம், செவிலியருக்கு 20 ஆயிரம். ஒரு மாதச் சம்பளத்தைவிட ஊக்கத்தொகை பெரிது என்றால், நாம் வியக்க வேண்டியது எதைப் பார்த்து?)

கேள்வி: என் மாமாவுக்கு ராத்திரி நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தார். காலையில் சரியாகிவிட்டது. அவர் செய்தது சரிதானே?
— ஜவுளிக்கடை ஊழியர், விருதுநகர்

உங்கள் மாமா கெட்டிக்காரர் இல்லை, அதிர்ஷ்டக்காரர். இரண்டும் வேறு. இன்றைக்கே ஒரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.

2020-இல் முதல் ஊரடங்கு வந்தபோது இதயநோய் வார்டுகளில் ஒரு விசித்திரம் நடந்தது. மாரடைப்பு நோயாளிகள் காணாமல் போனார்கள். நாடெங்கும் 187 மருத்துவமனைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 2020 மார்ச் முதல் ஜூன் வரை மாரடைப்பு என்று சேர்ந்தவர்கள் அதற்கு முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 35 சதவீதம் குறைவு. ஊரடங்கு போட்டதும் இந்தியர்களின் இதயக் குழாய்கள் ஒழுக்கமாகிவிட்டனவா? மாரடைப்பு வந்தது. ஆள்தான் வரவில்லை. வீட்டிலேயே சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டு ‘வாயுக் கோளாறு’ என்று படுத்திருந்தார்கள். சிலர் எழுந்தார்கள், சிலர் எழவில்லை. எழுந்தவர்களில் பலருக்கு இதயத்தின் ஒரு பகுதி நிரந்தரமாகச் செத்துப்போயிருந்தது. அப்புறம் மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது என்று மூன்று மாதம் கழித்து வந்தார்கள்.

ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதல் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் கிடைக்கும் பலனே தனி. பல அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே இருக்கிறது. நெஞ்சை அழுத்துகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ ஏறுவது, சில்லென்று வியர்ப்பது, இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காமல் இருப்பது: இவற்றில் எது இருந்தாலும் 108. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் சில சமயம் வலியே இருக்காது. வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும்தான். ஆஸ்பத்திரியில் கொரோனா ஒட்டலாம், மறுக்கவில்லை. இரண்டு தடுப்பூசி போட்டவருக்கு ஒட்டினாலும் பிழைக்க வழி உண்டு. அடைத்த ரத்தக் குழாய்க்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள். சோடா நல்ல பானம். பிரியாணிக்குப் பிறகு.

கேள்வி: இரண்டு டோஸ் போட்டும் எனக்குக் கொரோனா வந்துவிட்டது. ஊசி வீண்தானே?
— தையல்காரர், திருப்பூர்

வந்தது. வீட்டில் உட்கார்ந்து இந்தக் கேள்வியை எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிற அளவுக்கு வந்தது. 2021 மே மாதம் சென்னை ராஜீவ் காந்தி ஜி.எச். வாசலில் ஆம்புலன்ஸ்கள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்றனவே, அதற்குள் படுத்திருந்தவர்கள் கடிதம் எழுதுகிற நிலையில் இல்லை.

கேள்வி: எனக்கு பாசிட்டிவ். வீட்டில் மற்ற நாலு பேரும் நன்றாக இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஸ்வாப் எடுக்கணுமா?
— தபால் ஊழியர், புதுக்கோட்டை

தொந்தரவு இல்லாத, வயதும் குறைந்த, வேறு நோயும் இல்லாதவர்களுக்குத் தேவையில்லை என்று ஐ.சி.எம்.ஆர். 2022 ஜனவரி 10 அன்றே சொல்லிவிட்டது. அறுபது தாண்டியவர், சர்க்கரை, பிபி, கிட்னி, நுரையீரல் நோயுள்ளவர் இருந்தால் எடுங்கள். மற்றவர்கள் லேப் டெக்னீஷியனுக்கு ஒரு குச்சி மிச்சம் பிடித்துக் கொடுங்கள். அவரும் லேசாகத்தான் காய்ந்துகொண்டிருப்பார்.

கேள்வி: சி.டி. ஸ்கேனில் எனக்கு 25-க்கு 4. நல்ல மார்க்கா?
— பத்திர எழுத்தர், ஆரணி

இந்தப் பரீட்சையில் பெயில் ஆவதுதான் நல்லது. அதைவிட நல்லது, ஆக்சிஜன் 97 இருக்கும்போது பரீட்சையே எழுதாமல் இருப்பது.

கேள்வி: கற்பூரம், ஓமம், கிராம்பு மூன்றையும் மூட்டை கட்டி முகர்ந்தால் ஆக்சிஜன் அளவு ஏறுகிறதாமே?
— வாட்ஸ்அப் குழு அட்மின், மயிலாடுதுறை

மூக்கு திறந்த மாதிரி உங்களுக்குத் தோன்றும். ஆக்சிமீட்டருக்குத் தோன்றாது. அதில் 94-க்குக் கீழே போனால் மூட்டையை வைத்துவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். அதற்கு மட்டும் உண்மையிலேயே பலன் உண்டு, செலவும் இல்லை. அதனால்தானோ என்னவோ உங்கள் குழுவில் அது வரவில்லை.

கேள்வி: என் மகன் அரசு மருத்துவக் கல்லூரியில் பி.ஜி. இரண்டாம் ஆண்டு. 36 மணி நேர டியூட்டி, பொங்கலுக்கும் வர முடியவில்லை என்கிறான். நிஜமா, இல்லை பெண் பார்க்கப் போகாமல் இருக்கச் சாக்கா?
— அம்மா, நாமக்கல்

நிஜம்தான் அம்மா. சாக்காகவும் பயன்பட்டிருக்கலாம்.

பெரிய ஆஸ்பத்திரிகளின் நடு இரவைத் தூக்கிச் சுமப்பவர்கள் பி.ஜி.க்களும் ஹவுஸ் சர்ஜன்களும்தான். பி.ஜி. படிப்பு மூன்று வருடம். ஆகவே எப்போதும் மூன்று செட் இருக்க வேண்டும். ஓடியாடி ரத்தம் எடுத்து, எக்ஸ்ரே வாங்கி, அட்மிஷன் போடுவது முதலாண்டுக்காரர்கள். 2021-இல் அந்த முதலாண்டு செட்டே வரவில்லை. 2021 ஏப்ரல் 18-இல் நடக்க வேண்டிய நீட் பி.ஜி. தேர்வை இரண்டாம் அலைக்காகத் தள்ளிவைத்தார்கள். அது ஒருவழியாக செப்டம்பர் 11-இல் நடந்தது. அப்புறம் இட ஒதுக்கீட்டு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நின்றதால் கலந்தாய்வு நின்றது. டிசம்பரில் டெல்லியில் இளம் டாக்டர்கள் வார்டை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 2022 ஜனவரி 7-இல் தீர்ப்பு, 12-இல் கலந்தாய்வு தொடக்கம். அதற்குள் மூன்றாம் அலை பாதி ஏறிவிட்டது.

ஒதுக்கீடு நியாயமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நியாயம்தான். ஆனால் அதை முடிவு செய்ய இத்தனை மாதம் எடுத்துக்கொண்டவர்களில் யாரும் நைட் டியூட்டி பார்க்கவில்லை. தேர்வைத் தள்ளிவைக்கலாம், வழக்கைத் தள்ளிவைக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறி வருகிறவரை ‘அடுத்த வாய்தாவுக்கு வா’ என்று சொல்ல முடியாது. அந்த இரண்டு மணிக்கு அங்கே நிற்பவன்தான் உங்கள் மகன். இரண்டு பேர் வேலையை ஒருவனாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

வீட்டுக்கு வந்தால் எதுவும் கேட்காதீர்கள். சோற்றைப் போட்டுத் தூங்க விடுங்கள். பெண் வீட்டாரிடம் பங்குனியில் பார்க்கலாம் என்று சொல்லிவையுங்கள்.

கேள்வி: ஆடு மேய்க்கிற என் மாமியாருக்குப் பத்து நாளாக விடாத காய்ச்சல். இரண்டு தடவை ஸ்வாப் எடுத்தும் நெகட்டிவ். இது என்ன புது வைரஸ்?
— அங்கன்வாடிப் பணியாளர், செங்கம்

புதுசும் இல்லை, வைரஸும் இல்லாமல் இருக்கலாம். மழை முடிந்து பனி இறங்குகிற மாதங்களில் நம் வடமாவட்டங்களில் உண்ணிக் காய்ச்சல் வழக்கமாக வரும் விருந்தாளி. புதரில் இருக்கும் மிகச் சிறிய உண்ணியின் புழு கடித்து வருவது. மாமியாரின் அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று இருந்தால் பாதி நோய் கண்டுபிடித்தாயிற்று. இல்லாவிட்டாலும் இது இல்லை என்று ஆகாது. டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை கேட்கும். விட்டுவிட்டால் நுரையீரல், கிட்னி என்று இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டு வருடமாகக் காய்ச்சல் என்றாலே மூக்குக்குள் குச்சியை விடுகிறோம். நெகட்டிவ் வந்தால் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுகிறோம். டெங்கு, டைபாய்டு, எலிக் காய்ச்சல் எல்லாம் ஊரைவிட்டுப் போய்விட்டது போல. நோயாளியை ஆறடி தள்ளி நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தால் அக்குள் தெரியாது. டாக்டரைக் குறை சொல்லவில்லை; வாசலில் இருநூறு பேர் நிற்கும்போது யாருக்குச் சேலையை விலக்கிப் பார்க்க நேரம்? நீங்களே பார்த்து, “இங்கே ஒரு காயம் இருக்கு” என்று காட்டுங்கள். இன்றைக்கே கூட்டிப்போங்கள்.

கேள்வி: மூன்று வாரமாக இருமல். கொரோனா நெகட்டிவ். இனி நிம்மதியாக இருக்கலாமா?
— லாரி கிளீனர், சங்ககிரி

கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை. இந்தியாவில் 2019-இல் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020-இல் சுமார் 18 லட்சம். ஆறு லட்சம் பேர் குறைந்தது காசநோய் ஒழிந்ததால் இல்லை. கண்டுபிடிக்கும் ஆட்களும், ட்ரூநாட் போன்ற கருவிகளும் கொரோனா வேலைக்குப் போய்விட்டன. அந்த ட்ரூநாட் காசநோய்க்கென்றே பெயர் வாங்கியது. அந்த ஆறு லட்சம் பேரும் இப்போது பஸ்ஸில், லாரி கேபினில், வகுப்பறையில் இருமிக்கொண்டிருக்கிறார்கள். பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சாப்பாட்டுக்கு மாதாமாதம் பணமும் உண்டு. போங்கள். உங்கள் டிரைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: சர்க்கரை மாத்திரை வாங்க பி.எச்.சி. போகவே பயம். ஒரு மாதம் நிறுத்தினால் என்ன ஆகும்?
— பெட்டிக்கடை நடத்துபவர், சாத்தான்குளம்

2021 கோடையில் கரும்பூஞ்சை வந்து கண்ணை எடுக்க வேண்டியிருந்தவர்களில் மிகப் பலர் சர்க்கரைக்காரர்கள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, அதன் மேல் ஸ்டீராய்டு. அந்த ஸ்டீராய்டு பல பேருக்குத் தேவையே படவில்லை. ஆக்சிஜன் தேவைப்பட்டவரின் உயிரைக் காத்த மருந்து அது. லேசான காய்ச்சல்காரர் பக்கத்துத் தெரு மெடிக்கலில் வாங்கிப் போட்டால் சர்க்கரையை 400-க்கு ஏற்றிவிட்டுப் போகும்.

நிறுத்தாதீர்கள். போகவும் வேண்டாம், மருந்தே வரும். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கினார்கள். சர்க்கரை, பிபி மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைக் கொடுங்கள். ‘எனக்குச் சர்க்கரை இருப்பது தெருவுக்குத் தெரிந்துவிடுமே’ என்று கூச்சப்படாதீர்கள். தெருவில் பாதிப் பேரின் பெயர் அந்த நோட்டில் இருக்கிறது.

கேள்வி: அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. ஏழை என்பதால்தானே?
— கட்டுமானத் தொழிலாளி, திருவாரூர்

பணக்காரர்களுக்கும் தள்ளிப்போனது. 2020-இல் முதல் அலை உச்சத்தில் இருந்த பன்னிரண்டு வாரத்தில் மட்டும் உலகம் முழுக்க 2.8 கோடி ஆபரேஷன்கள் ரத்தாகும் என்று கணக்கிட்டார்கள். ஆனால் காத்திருப்பதன் விலை ஒன்றில்லை. பணக்காரர் ஏ.சி. அறையில் காத்திருப்பார். உங்கள் அப்பா மூட்டை தூக்கிக்கொண்டே காத்திருக்கிறார். அந்தக் கோபம் நியாயம்தான்.

ஒன்று மட்டும் கவனம். படுத்தால் உள்ளே போகிற வீக்கம் காத்திருக்கும். ஒருநாள் உள்ளே போகாமல் கல்லாகி, வலியும் வாந்தியும் வந்தால் அது அவசரம். அந்த நிமிடமே கிளம்புங்கள். அதைத் தள்ளிப்போட எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை கிடையாது.

கேள்வி: ஆஸ்பத்திரியில் இருக்கும் நண்பரை ஹார்லிக்ஸோடு பார்க்கப் போகலாமா?
— பட்டிமன்றப் பேச்சாளர், காரைக்குடி

ஹார்லிக்ஸ் மட்டும் போகட்டும்.

கேள்வி: டாக்டரை அடிக்கிறவர்களை என்ன செய்யலாம்?
— மருந்தாளுநர், வாணியம்பாடி

சட்டம் சொல்வதைச் செய்யலாம். 2020-இல் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தினார்கள். சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. பலத்த காயமென்றால் ஏழு வருடம் வரை.

சட்டம் வந்தும் அடி நிற்கவில்லை. கவனித்துப் பாருங்கள், அடி வாங்குகிறவர் எப்போதும் அந்தக் கட்டடத்திலேயே அதிகாரம் குறைந்தவர். வென்டிலேட்டர் எத்தனை வாங்குவது என்று அவர் முடிவு செய்யவில்லை. ஆள் போடாதது அவரில்லை. ‘முயற்சி பண்ணினோம், காப்பாத்த முடியலை’ என்று சொல்லும் வேலையை இருபத்தைந்து வயதுப் பையனிடமோ பெண்ணிடமோ தள்ளிவிட்டுப் பெரியவர்கள் நகர்ந்துவிடுவார்கள். சாவுச் செய்தியை மூத்த டாக்டர் உட்கார வைத்துச் சொல்கிற வழக்கம் வந்தால் பாதி அடி குறையும் என்பது என் எண்ணம்.

இறந்த டாக்டரையே விட்டுவைக்காதவர்கள் நாம். 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் கும்பல் கூடிக் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது. சக டாக்டர் ஒருவர் நள்ளிரவில் தானே மண்ணைத் தள்ளிப் புதைத்தார். அதற்குப் பிறகு தமிழக அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டது. அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை. ஒரு மனிதருக்கு ஆறடி மண் வாங்கித் தரக்கூட நமக்குச் சட்டம் வேண்டியிருந்தது.

கேள்வி: கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் முதல்வர் பிபிஇ போட்டுக்கொண்டு வார்டுக்குள் போனது விளம்பரம்தானே?
— டீக்கடை பெஞ்சு, பொள்ளாச்சி

இருக்கட்டுமே. அந்த உடைக்குள் எப்படிப் புழுங்கும் என்று கையெழுத்துப் போடுகிற ஒருவருக்குத் தெரிந்தது நல்லதுதான். மற்ற கோப்புகளில் கையெழுத்துப் போடுகிறவர்களையும் ஒரு ஷிஃப்டு உள்ளே அனுப்பலாம் என்பேன்.

கேள்வி: வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. குழந்தை மடியில் ஏறினால் எரிச்சல் வருகிறது. போன மே மாதம் என் கையைப் பிடித்துக்கொண்டே போன ஒருவரின் முகம் இன்னும் வருகிறது. நான் கெட்ட நர்ஸா?
— பெயர் வேண்டாம், சேலம்

இல்லை, சகோதரி. இந்தக் கேள்விக்கு மட்டும் கிண்டல் கிடையாது.

கெட்ட நர்ஸுக்கு எட்டு மாதம் கழித்து முகம் வராது. உங்களுக்கு வந்திருப்பது களைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தில் போகிற களைப்பு இல்லை. அந்த முகத்தைப் பற்றி, அன்றைக்கு உங்களோடு டியூட்டியில் இருந்த ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு முகம் வந்துகொண்டிருக்கும். வீட்டில், “எனக்கு அரை மணி நேரம் வேணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே நுழையுங்கள். குழந்தை காத்திருக்கும். உங்கள் வீட்டுக்காரரும் காத்திருக்கப் பழகட்டும். தூக்கம் இரண்டு வாரமாக இல்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். 104-இல் மனநல ஆலோசனை உண்டு. உங்கள் வளாகத்திலேயே மனநலப் பிரிவும் இருக்கும். அங்கே நோயாளியாகப் போவதில் ஒரு வெட்கமும் இல்லை.

லீவு கேளுங்கள். கிடைக்காது என்று தெரிந்தே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ‘ஆள் பற்றாக்குறை’ என்று மறுப்பு எழுத்தில் வந்தால், அது நாளைக்கு ஆள் கேட்பதற்கான ஆதாரம்.

கேள்வி: கொரோனா முடியட்டும் என்று குழந்தைக்குத் தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா?
— இளம் தந்தை, கோவில்பட்டி

தட்டம்மையும் கக்குவான் இருமலும் கொரோனா முடியக் காத்திருக்குமா? புதன்கிழமை ஊசி நாள். போய்ப் போட்டு வாருங்கள்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் இல்லாமலே முடியாதவர் யார்? டீனா, அனஸ்தீசியா டாக்டரா?
— பிளஸ் டூ மாணவி, அரக்கோணம்

டீன் ஒரு வாரம் லீவில் போனால் ஆஸ்பத்திரி நடக்கும். தூய்மைப் பணியாளர்கள் ஒரு வேளை வராவிட்டால் மத்தியானத்துக்குள் நாறிவிடும். கொரோனாவில் இறந்தவர்களைச் சுற்றிக் கட்டியவர்களும், வாந்தியை அள்ளியவர்களும், சிலிண்டரை உருட்டியவர்களும் அவர்கள்தான். பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். பெயர்ப் பட்டியலில் கடைசி, கவச உடை வந்தபோதும் கடைசி. டாக்டராகப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாளே அந்த அக்காவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஊசி போட்டோம், மாஸ்க் போடுகிறோம். இதற்கு மேல் எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு என்ன செய்ய முடியும்?
— நூலகர், தென்காசி

ரத்தம் கொடுங்கள். கல்லூரிகள் மூடியிருக்கின்றன, முகாம்கள் இல்லை, வங்கியில் இருப்பு குறைவு. பிரசவத்தில் ரத்தம் போகிற பெண்ணும், தலசீமியாக் குழந்தையும், விபத்தில் வந்தவரும் அலை ஓயட்டும் என்று காத்திருக்க முடியாது. வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும். கொரோனா ஊசி போட்டு 14 நாள், கொரோனாவே வந்து குணமானால் 28 நாள் கழிந்திருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரியின் விதி. அரசு ரத்த வங்கிக்கு ஒரு போன் செய்து, நேரம் கேட்டுக்கொண்டு, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.